செடியை நம்பிய மதிப்பீட்டாளர்

அந்த ஆய்விதழின் உதவி ஆசிரியைக்குக் கள்ளிச் செடி என்றாலே ஆகாது. இதை அவள் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. கள்ளிகளையும் சதைப்பற்றுச் செடிகளையும் பற்றி மட்டுமே கட்டுரை போடுகிற ஒரு காலாண்டிதழில் இத்தனை வருடம் சம்பளம் வாங்கிவிட்டு அதைப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ அன்போடு மேசையில் வைத்துவிட்டுப் போன தொட்டியில் தெரியாமல் கையை ஊன்றினாள். கண்ணுக்குத் தெரியாத முட்கள் உள்ளங்கை முழுக்க ஏறி, ஒரு வாரம் கரண்டி பிடிக்க முடியாமல் போனது. அதோடு செடிகளைப் படத்தில் பார்த்தால் போதும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டுரை அனுப்புகிற பேராசிரியர்களுக்கு, அச்சகத்துக்காரருக்கு, கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு, தபால்காரருக்கு, எல்லோருக்கும் அக்கா. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். முன்பு தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போனபோது, அவள் திரும்பி வரும்வரைக்கும் என்று சொல்லித்தான் அக்காவை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் வரவேயில்லை. அவளுடைய பிள்ளைக்கு இப்போது கல்யாண வயது. அக்கா இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறாள்.

அலுவலகம் என்பது கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே அறை. இரண்டு சன்னல்கள், அதில் ஒன்று திறக்காது. சுவர் முழுக்கப் பழைய இதழ்கள். மூலையில், காப்பகத்துக்குப் போக வேண்டிய பொட்டலங்களுக்கு ஒரு மர அலமாரி. புதுச்செடி ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று கட்டுரை எழுதினால் மட்டும் போதாது. அந்தச் செடியில் ஒன்றை வெட்டி, தாளுக்கு நடுவே அழுத்தி, உலர்த்தி, தாவரக் காப்பகம் ஒன்றில் ஒப்படைத்திருக்க வேண்டும். மற்ற செடிகள் சொன்ன பேச்சைக் கேட்டுச் சருகாகும். சதைச்செடிகள் கேட்காது. ஒருமுறை பல மாதம் கிடந்த பொட்டலத்தை அக்கா பிரித்துப் பார்த்தாள். செய்தித்தாளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த செடி பச்சையாக ஒரு துளிர் விட்டிருந்தது. அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்காவுடைய உண்மையான வேலை தட்டச்சு அல்ல, வாயைக் கட்டிக்கொண்டிருப்பதுதான். அந்த இதழில் ஒரு கண்டிப்பான ஏற்பாடு உண்டு. கட்டுரை வந்ததும் எழுதியவர் பெயர் இருக்கிற முதல் தாளை அக்கா கிழித்தெடுத்து வைத்துக்கொண்டு, மீதிக்கு ஓர் எண் போடுவாள். எண்ணோடுதான் அது வெளியூர் கல்லூரியில் வேலை பார்க்கும் இதழின் தலைமை ஆசிரியருக்குப் போகும். அவர் படித்துவிட்டு, இதை மதிப்பிட இன்ன இரண்டு பேர் என்று எழுதி அனுப்புவார். அந்த இரண்டு பேருக்கும் எழுதியவர் யாரென்று தெரியாது. எழுதியவருக்கும் மதிப்பிட்டவர் யாரென்று தெரியாது. தலைமை ஆசிரியருக்கே பாதிதான் தெரியும். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் அக்கா.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஏதாவது ஒரு செடிக்கூட்டத்தை எடுத்துக்கொண்டால் அதைப் பற்றி உருப்படியாகத் தெரிந்தவர்கள் உலகம் பூராவும் சேர்ந்தாலும் ஒரு சாப்பாட்டு மேசை நிறையாது. இன்னார் கையெழுத்து, இன்னார் கோபம் என்று ஒருவருக்கொருவர் அத்துப்படி. அதனால் கையால் எழுதி வருகிற மதிப்பீட்டு அறிக்கைகளை அக்கா புதிதாகத் தட்டச்சு செய்துதான் அனுப்புவாள். அனுப்பும்போது கொஞ்சம் பூசி மெழுகுவாள். ‘முழு முட்டாள்தனம்’ என்று வந்தால் ‘மேலும் தெளிவு தேவை’ என்று போகும். ‘இந்த ஆள் செடியைக் கண்ணால் பார்த்ததுண்டா’ என்று வந்தால் ‘களப்பணி விவரங்கள் சேர்த்தால் சிறப்பு’ என்று போகும். இந்த வேலை அவளுக்குக் கைவந்த கலை. படித்தவர்கள் ஒருவரையொருவர் எப்படியெல்லாம் திட்டுவார்கள் என்று தெரிய வேண்டுமானால் அக்காவைத்தான் கேட்க வேண்டும். கேட்டாலும் சொல்ல மாட்டாள். கட்டின புருஷனிடமே சொன்னதில்லை.

இந்தக் கண்டிப்பையெல்லாம் கொண்டுவந்தவர் பெரியவர். ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர், இதழ் தொடங்கிய காலத்திலிருந்து கூடவே இருப்பவர். கல்செடிகள் என்றால் அவர்தான். கூழாங்கல் மாதிரியே தரையோடு தரையாக உட்கார்ந்திருக்குமே, நடுவில் ஒரு பிளவோடு, இரண்டே இரண்டு தடித்த இலை, அந்தச் செடி. அதைப் பற்றி எந்தக் கட்டுரை வந்தாலும் ஒரு படி அவருக்குப் போகும். பச்சை மையில் அறிக்கை வரும். அக்கா அதிகமாகப் பூசி மெழுக வேண்டியிருந்தது அவருடைய அறிக்கைகளைத்தான். ஆனால் ஒரு விஷயம் அவளுக்கே தெரியும். அவர் திட்டியபடி திருத்திய கட்டுரைகள் எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன.

இத்தனை பேரை மதிப்பிட்டவர் தானாக எழுதி வெகுகாலம் ஆகியிருந்தது. கேட்டால் இன்னும் பழுக்கவில்லை என்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து, அக்காவின் மேசைமேல் ஓர் உறையை வைத்தார்.

“இது என்னோடது” என்றார். “புது இனம். என் தொட்டியிலேயே இருந்திருக்கு, எனக்கே இப்பத்தான் கண்ணுல பட்டுது. முதல் தாளைக் கிழிச்சுடு. என் பேரைப் பாத்துட்டு எவனும் சலுகை காட்டக் கூடாது.”

“சரி சார்.”

“இதுக்கப்புறம் எனக்கு எழுத வராது. இந்த ஒண்ணை அச்சுல பாத்துட்டேன்னா போதும்.”

அவர் போன பிறகும் அக்கா கொஞ்ச நேரம் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் வாயிலிருந்து போதும் என்ற சொல் வந்து அவள் கேட்டதில்லை. இது நல்லபடியாக வந்துவிட வேண்டும் என்று மனசார நினைத்தாள். நினைத்தவள்தான் கெடுத்தாள்.

கெடுத்தது இப்படி. தலைமை ஆசிரியர் பரீட்சைத் தாள் திருத்துகிறேன் என்று கட்டுரைகளையெல்லாம் மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருந்துவிட்டு, ஒருநாள் மொத்தமாகக் கட்டித் திருப்பி அனுப்பினார். ஒவ்வொன்றின் மேலும் எண், எண்ணுக்குக் கீழே மதிப்பிட வேண்டிய இரண்டு பேர். சரியாக அந்த வாரம் பார்த்து அலுவலகத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். மேசை நாற்காலியெல்லாம் அறை நடுவில், துணி போர்த்தி. அக்கா கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டு அவர் கடைக் கல்லாவின் ஓரத்தில் நின்றபடியே உறைகளில் விலாசம் எழுதினாள். கல்செடி பற்றிய கட்டுரைக்குக் கீழே பெரியவர் பெயர் இருந்தது. கல்செடி என்றால் பெரியவர், பெரியவர் என்றால் இன்ன தெரு, இன்ன வீடு. கை தானாக எழுதிவிட்டது. எண்ணுக்குரிய முதல் தாளை எடுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். அது போர்த்திய துணிக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. இத்தனை வருடத்தில் ஒருவருடைய கட்டுரையை அவருக்கே மதிப்பீட்டுக்கு அனுப்புகிற கூத்து நடந்ததில்லையே, அதனால் அவளும் தேடவில்லை.

பச்சை மை அறிக்கை வந்த அன்றுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணைப் பார்த்தாள். முதல் தாளை எடுத்துப் பார்த்தாள். மறுபடி எண்ணைப் பார்த்தாள். எழுதியவரும் பெரியவர், மதிப்பிட்டவரும் பெரியவர்.

சரி, உறையைப் பிரித்ததும் அவர் என்ன செய்திருக்க வேண்டும். ‘புத்தி கெட்டுப் போச்சா, என் கட்டுரையை எனக்கே அனுப்பியிருக்கே’ என்று தொலைபேசியில் கத்தியிருக்க வேண்டும். அவர் சுபாவத்துக்கு மாடியேறி வந்தே கத்தியிருப்பார். அதைச் செய்யாமல் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மதிப்பீடு எழுதியிருந்தார். அக்கா படிக்க ஆரம்பித்தாள்.

கட்டுரையின் வாதம் இதுதான். சாதாரணக் கல்செடி வருடா வருடம் ஒரு காலத்தில் தூங்கும். அப்போது பழைய இலை இரண்டும் வற்றிச் சுருங்கும், அதன் ஈரத்தைக் குடித்துத்தான் உள்ளேயிருந்து புது இலைகள் வரும். ஆனால் இந்தச் செடியில் பழைய இலைகள் வற்றவில்லை, அவை கொழுகொழுவென்று இருக்கும்போதே புது இலைகள் மேலே அடுக்காக வந்திருக்கின்றன. தூக்க காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றப்படவில்லை. ஆகவே இது வேறு இனம்.

அறிக்கை இப்படிச் சொன்னது: ‘இது புது இனம் அல்ல. எல்லோர் வீட்டிலும் இருக்கிற பழைய செடிதான். தூங்க வேண்டிய காலத்தில் தண்ணீர் குடித்தால் பழைய இலை வற்றாது. பழைய இலை வற்றாவிட்டால் இப்படித்தான் அடுக்கு அடுக்காக நிற்கும். தண்ணீர் ஊற்றவே இல்லை என்கிறார் கட்டுரை ஆசிரியர். ஊற்றினார் என்கிறது செடி. நான் செடியை நம்புகிறேன். ஆசிரியர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். எழுத்தைப் பார்த்தால் நேர்மையான ஆளாகத்தான் தெரிகிறார். தண்ணீர் ஊற்றியது அவருக்கு நினைவில்லை. வெளியிட வேண்டாம்.’

அக்கா அந்தத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கீழே போய்க் கண்ணாடிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். கடைக்காரர் என்ன அக்கா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

அவள் தலைக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்ணங்களாக ஓடின. தன் கட்டுரை என்று தெரிந்தேதான் எழுதினாரா. சலுகை காட்டக் கூடாது என்றாரே, தனக்கே சலுகை காட்டக் கூடாது என்று எழுதிவிட்டாரா. தெரிந்து எழுதியிருந்தால் கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனால் முடிந்ததே, எதற்கு இத்தனை பக்கம். இல்லை, தெரியாமல்தான் எழுதினாரா. மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய கட்டுரை, தானே வளர்த்த செடி, தன் வீட்டுத் தொட்டியின் படம், எதுவுமே அடையாளம் தெரியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம். அந்த அர்த்தத்தை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அப்புறம் இன்னொன்றும் உறைத்தது. அவர் கையிலிருந்து வாங்கிய கட்டுரையை அவருக்கே அனுப்பியவள் அவள். மறதி யாருக்கு என்று அவள் எந்த வாயால் கேட்பது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் வீட்டுக்காரர் பல் கட்டுபவர். மருத்துவர்கள் வாயை அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள், அவர் பல்செட் செய்து திருப்பி அனுப்புவார். சமையலறை மேசையில் யாருடையதோ கீழ்த்தாடையை வைத்து அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க, ஒருத்தர் தான் செஞ்ச பல்செட்டைப் பாத்து, எவன்டா இப்படிச் செஞ்சு வெச்சிருக்கான்னு திட்டினா என்ன அர்த்தம்?”

“நான் தினமும்தான் திட்டறேன்.”

“உங்க பல்லுன்னு தெரிஞ்சு திட்டறீங்க. தெரியாம திட்டினா?”

அவர் அரத்தைக் கீழே வைத்தார். “நான் செஞ்சது எனக்குத் தெரியாதா? எதை வெச்சு இதைக் கேக்கறே?”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மா கேக்கற மூஞ்சியா இது. யாரு அந்த ஆளு, உங்க கண்ணாடிக் கடைக்காரரா?”

“யாரும் இல்ல. விடுங்க.”

“அந்த ஆளு திட்டினது சரியா தப்பா, அதைச் சொல்லு முதல்ல. செட்டு வாய்ல உக்காரலைன்னா உக்காரலைதான். எவன் செஞ்சா என்ன.”

அக்காவுக்கு அதுவும் தெரியவில்லை. செடியைப் பார்த்தால் கல்லாகவும் கல்லைப் பார்த்தால் செடியாகவும் தெரிகிற கண் அவளுடையது. எவன் செஞ்சா என்ன என்று புருஷன் சொன்னது ஒரு கணம் பெரிய ஆறுதலாக இருந்தது. அடுத்த கணம் அதுவே அவளை இன்னும் குழப்பியது. எவன் என்பதுதானே இங்கே விஷயம்.

மறுநாள் இரண்டாவது மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வந்து சேர்ந்தது. அவர் கடல் தாண்டியிருக்கும் ஓர் அம்மையார், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அருமை, அற்புதம், உடனே வெளியிடலாம் என்று பாதிப் பக்கம் எழுதியிருந்தார். அக்கா இரண்டிலும் ஒவ்வொரு படி எடுத்துத் தலைமை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, கிடைக்கிற திட்டை வாங்கிக்கொள்வது என்று மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

“அக்கா, அந்தக் கல்செடிக் கட்டுரை” என்று ஆரம்பித்தார் தலைமை ஆசிரியர். “ஒருத்தர் போடலாங்கறார், ஒருத்தர் வேண்டாங்கறார்.”

“சார், அந்தக் கட்டுரையில ஒரு சிக்கல். அதை எழுதினது…”

“ஐயோ, பேரைச் சொல்லாதீங்க. அப்புறம் நான் எப்படி முடிவெடுக்கறது.”

“இல்ல சார், இது அப்படி இல்ல. வேண்டாம்னு சொன்னவரும்…”

“அவர் யாருன்னுதான் எனக்குத் தெரியுமே. கேளுங்க, போடலாங்கறவங்க வெறுமனே பாராட்டியிருக்காங்க. வேண்டாங்கறவர் காரணம் சொல்லியிருக்கார். அவர் சொல்றதுதான் சரி. எனக்கு அந்தத் தண்ணி விஷயம் தோணவே இல்ல பாருங்க. திருப்பி அனுப்பிடுங்க. அறிக்கை ரெண்டையும் சேத்தே அனுப்புங்க, அவர் தெரிஞ்சுக்கட்டும்.”

வைத்துவிட்டார். அக்கா தொலைபேசியைக் கையில் பிடித்தபடி விழித்தாள். வாயைத் திறக்க வந்தவளின் வாயைப் பெரியவர் போட்ட சட்டமே அடைத்துவிட்டது. இப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அறிக்கையைத் தட்டச்சு செய்து, யாரோ ஒரு மதிப்பீட்டாளர் சொல்கிறார் என்று, பெரியவருக்கு அனுப்ப வேண்டும். உனக்கு நினைவு தப்புகிறது என்று அவருக்கு அவர் வாயாலேயே, தபாலில்.

தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். எப்போதும் போல் பூசி மெழுகலாம் என்றுதான் உட்கார்ந்தாள். ‘தண்ணீர் ஊற்றியது அவருக்கு நினைவில்லை’ என்ற வரியை ‘நீர் மேலாண்மை குறித்து மறுபரிசீலனை தேவை’ என்று மாற்றினாள். படித்துப் பார்த்தாள். அடித்து நீக்கினாள். வரியையே எடுத்துவிட்டுப் பார்த்தாள். எடுத்துவிட்டால் அறிக்கை நொண்டியது. அந்த வரியில் திட்டு இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் என்றால் இந்த இடத்தில் பொய்யன் என்று எழுதியிருப்பார்கள். இவர் அந்த முகம் தெரியாத ஆளுக்காகப் பரிந்து பேசியிருந்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்த மாதிரியே வரியைத் திரும்பப் போட்டாள். தபாலில் அனுப்ப மனசு வராமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பெரியவர் வீட்டுக் கதவைத் திறந்தது அவருடைய மகள். மருந்துக்கடை வைத்திருப்பவள், அப்பாவோடு இருப்பவள். அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, பிறகு ஏனோ கதவுக்கு வெளியிலேயே நிறுத்தித் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“அக்கா, அப்பா உங்க ஆபீசுக்கு வந்தா சரியாப் பேசறாரா?”

“ஏம்மா அப்படிக் கேக்கறே?”

“தெரியல அக்கா. போன வாரம் அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துது. நான்தான் விட்டுட்டுப் போயிட்டேன்னு சண்டை. அவர் சொல்ற தினுசைப் பாத்தா ஒருவேளை நான்தானோன்னு எனக்கே தோணிடுது. செடியைப் பத்திக் கேட்டா பழைய மாதிரி மணிக்கணக்கா பேசறார். எது நிஜம்னே எனக்குப் புரியல.”

அக்கா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். எந்தப் பக்கமும் பேச முடியாத வேலை அவளுடையது. மாடிப்படி ஏறினாள்.

மொட்டை மாடியில் கண்ணாடிக் கூரை போட்ட குடில். பலகைகள் மேல் வரிசையாகத் தட்டையான தொட்டிகள், அவற்றில் சரளை, சரளைக்கு நடுவே சரளை மாதிரியே செடிகள். அக்கா வழக்கம்போல் கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரியவர் கைலியும் பனியனுமாக உள்ளே இருந்தார்.

“வா வா. பாத்து வா, இதுக்கு முள்ளு கிடையாது, பயப்படாதே” என்றார். அவளுடைய பயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை வருடமும் அவர் காட்டிக்கொண்டதில்லை. “இப்ப இதுங்க தூங்கற காலம். எல்லாரும் இங்கதான் கோட்டை விடறாங்க. செடி சுருங்குதேன்னு பாவப்பட்டு ஊத்திடுவாங்க. ஒரு சொட்டு காட்டக் கூடாது. பட்டினி போட்டாத்தான் பழைய இலை வழி விடும்.”

சொல்லிக்கொண்டே பலகைக்கு அடியிலிருந்து நீண்ட மூக்கு வைத்த குவளையை எடுத்தார். பேச்சு நிற்கவில்லை. பட்டினியின் அவசியத்தைச் சொல்லிக்கொண்டே, பழகிய கையால், ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு, வரிசை பிசகாமல் ஊற்றிக்கொண்டு போனார். குவளை காலியானதும் அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

“ஒரு சொட்டு” என்றார் மறுபடி. “காட்டக் கூடாது.”

அக்கா கட்டியிருந்த கையைப் பிரித்தாள். பலகையைப் பிடித்துக்கொண்டாள். இனி அவள் சந்தேகப்பட ஒன்றுமில்லை, ஆனால் குழப்பம் மட்டும் தீர்ந்தபாடில்லை. கண்ணெதிரே தண்ணீர் ஊற்றுகிற இதே ஆள், முகம் தெரியாத ஒருவன் தண்ணீர் ஊற்றி மறக்கிறான் என்று நாலு படத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அறிவு போய்விட்டது என்று சொல்வதா, இருக்கிறது என்று சொல்வதா. அவள் பையைத் திறந்து, திரும்பக் கட்டி, மறுபடி திறந்தாள்.

“என் கட்டுரைதானே?” என்றார் அவர். அப்படியானால் அவருக்குக் கட்டுரை நினைவிருக்கிறது. “முடிவு சொல்லத்தானே வந்திருக்கே. தபால்ல அனுப்பாம நேர்ல வந்தா என்ன முடிவுன்னு தெரியாதா. குடு.”

குடில் வாசலில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதலில் அம்மையாரின் அறிக்கை. பாதிப் பக்கத்தை நொடியில் படித்துவிட்டு, “இது யாருன்னு தெரியுது. பாவம், நல்ல மனசு” என்று கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார். அதை மெதுவாகப் படித்தார். ஓர் இடத்துக்கு வந்ததும் விரலை வைத்து, மேலே போய், மறுபடி அங்கே வந்தார். அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எதையும் பூசி மெழுகலையே?”

“இல்ல சார். இருந்ததை இருந்தபடி அடிச்சேன்.”

“நீ மெழுகறது எனக்குத் தெரியும். என் அறிக்கையை வாங்கினவன் எல்லாம் என்கிட்டயே வந்து, யாரோ ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்கன்னு சொல்லியிருக்கான்.” லேசாகச் சிரித்தார். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொட்டிகளைப் பார்த்தார். “இதை எழுதினவன் செடி வளர்த்தவன். வேலைக்காக எழுதினவன் இல்ல.”

அக்கா பையைத் திரும்பக் கட்டினாள்.

“யாருன்னு நான் கேக்கக் கூடாது. நான் போட்ட சட்டம்தான். ஆனா கேட்டா சொல்லுவியா?”

இத்தனை வருடமாகப் பூட்டி வைத்திருந்த வாய் அது. சொல்வதா வேண்டாமா என்று அவள் யோசிக்கக்கூட இல்லை, தானாகத் திறந்துகொண்டது. “சார், அது…”

அவர் கையைத் தூக்கினார். “வேண்டாம். தெரிஞ்ச ஆளா இருந்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.”

அவர் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்துதான் சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா, இப்போது தெரிந்து இன்னும் சற்றில் மறந்துவிடுவாரா. அக்கா அன்றைக்கும் அதற்குப் பிறகும் அதை எவ்வளவோ புரட்டிப் பார்த்துவிட்டாள். யாரிடமும் கேட்கவும் முடியாது.

பெரியவர் எழுந்து பக்கத்துத் தொட்டியில் ஒரு விரலைச் சரளைக்குள் விட்டார். எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் ஈர மண் ஒட்டியிருந்தது. அடுத்த தொட்டியில் விட்டார், அதற்கடுத்ததில் விட்டார். வரிசை முடியும்வரை போகவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டார். விரலைத் துடைக்காமல் மாடிப்படிப் பக்கம் வந்து மகளைக் கூப்பிட்டார். அவள் பயந்துகொண்டே ஏறி வந்தாள்.

“இனிமே இதுங்களுக்குத் தண்ணி நீதான் ஊத்தணும்” என்றார். “எப்ப ஊத்தணும்னு என்கிட்ட கேளு, சொல்றேன். ஆனா நானே கேட்டாக்கூட அந்தக் குவளையை என் கையில குடுக்காதே.”

“ஏம்பா, என்ன ஆச்சு?” மகள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

“ஒருத்தர் எழுதியிருக்கார்” என்றார் பெரியவர், தாளை நாலாக மடித்துப் பனியனுக்குள் செருகிக்கொண்டே. “விஷயம் தெரிஞ்ச மனுஷன். அவர் சொன்னா நான் கேப்பேன்.”